பனிச்சாலையும் நிழற்படமும்

ஆண்டின் ஆறு பருவங்களுள் இரண்டிற்குப் பனியின் பெயரையே இட்டு வழங்கினர் பண்டைத் தமிழர். மார்கழியும் தையும் முன்பனிக் காலம். மாசியும் பங்குனியும் பின்பனிக் காலம். காசுமீரத்திற்போல் வெண்பஞ்செனப் பொழியும் பனியைத் தமிழகத்துச் சமவெளி அறியாது. ஆயினும், விடியற்காலையில் வயலையும் வழியையும் போர்த்து நிற்கும் மூடுபனியை அது நன்கு அறியும்.

திருச்சிராப்பள்ளியிலிருந்து சிதம்பரத்திற்கும், அரியலூரிலிருந்து தஞ்சாவூருக்கும் செல்லும் சாலைகள் கூடும் ஊர் கீழப்பழுவூர். பழுவேட்டரையர் ஆண்ட பழம்பதி அது. ஆலந்துறையார் கோயில் கொண்ட ஊர். பனி இறங்கிய மார்கழி வைகறையில் அவ்வூர்ச் சாலையோரம் காமிராவுடன் நிற்பவன் முன் ஒரு வினா எழும். இக்காட்சியை வண்ணத்தில் எடுப்பதா, கறுப்பு வெள்ளையில் எடுப்பதா? கறுப்பு வெள்ளையே கலை, வண்ணம் வெறும் பகட்டு என்பர் சிலர். வண்ணம் கிட்டாத காலத்தின் வறுமையே கறுப்பு வெள்ளை என்பர் வேறு சிலர். இருசாராரும் சாலையைப் பாராமல் படச்சுருளையே பார்க்கின்றனர். சாலையோ நாழிகைக்கு ஒரு விடை சொல்கிறது.

கதிரவன் எழுமுன் அது சொல்லும் விடை கறுப்பு வெள்ளை. தொலைவிலுள்ள மலை நீலமாகத் தோன்றுவதற்குக் காரணம், காற்றிலுள்ள மிக நுண்ணிய துகள்கள் நீல ஒளியை மிகுதியாகச் சிதறச் செய்வதாகும். மூடுபனியின் நீர்த்திவலைகளோ அவற்றினும் மிகப் பெரியவை. அவை எல்லா நிறங்களையும் ஏறக்குறைய ஒன்றுபோலவே சிதறச் செய்கின்றன. ஆதலின் பனி வெண்மையாய் நிற்கிறது. பொருள்களின் நிறமும் வெளிறிப் போகிறது. அருகிலுள்ள புளியமரம் கறுப்பு, அதற்கடுத்தது சாம்பல், மூன்றாவது மரம் உண்டா இல்லையா என்று ஐயுறத் தோன்றும் வெறும் நிழல். இயற்கையே வண்ணத்தை நீக்கிவிட்டபோது, அதனைத் தேடி அலைவானேன்?

இங்கு ஒரு சிறு நுட்பம் உண்டு. காமிராவின் ஒளியளவி தன்முன் உள்ளதையெல்லாம் நடுத்தரச் சாம்பல் நிறமெனக் கொண்டே கணக்கிடும். அதன் சொற்படி எடுத்தால் வெண்பனி அழுக்கு வேட்டிபோல் படத்தில் விழும். அது காட்டுவதினும் இருமடங்கு ஒளி தந்தால் பனி பனியாகத் தோன்றும். வெயில் பட்ட உறைபனிக்கு அதனினும் கூடத் தர வேண்டும்.

பழம்படங்களில் காணும் வெண்மையெல்லாம் பனியன்று. மதராஸ் அரசின் நிழற்படக்காரராய் இருந்த லின்னேயஸ் டிரைப் 1858-இல் தஞ்சையையும் மதுரையையும் படம் பிடித்தார். அக்காலத்துப் படத்தாள் நீல ஒளியை மிகுதியாக ஏற்றதால், நீலவானம் வெற்றிடமாகவே பதிந்தது. அவ்வெறுமையைப் பொறாத டிரைப், படச்சுருளின் முன்னோடியான அத்தாளின்மீது மேகங்களைத் தம் கையாலேயே தீட்டிச் சேர்த்தார்! கறுப்பு வெள்ளை எப்போதும் உண்மையே பேசும் என்று நம்புவோர் இதனை நினைவிற் கொள்ளுதல் தகும்.

கதிரவன் எழுந்தபின் சாலையின் விடை மாறுகிறது. சாலையோரத்து வீட்டு வாயிலில் வெண்கோலம். கோலத்தின் நடுவே சாணவுருண்டையில் செருகிய பூசணிப்பூ. கறுப்பு வெள்ளையில் அம்மஞ்சள் வெறும் வெளிறிய புள்ளியாகிவிடும். கோலம் இருக்கும், மார்கழி இராது. இந்தியாவை வண்ணமின்றிக் காண இயலாது என்பதில் உறுதியாய் இருந்தவர் ரகுபீர் சிங். பனிநிலமாகிய காசுமீரத்தையும் அவர் வண்ணத்திலேயே படம் பிடித்து, 1983-இல் நூலாக்கினார். அவர் கொள்கையை முற்றும் ஏற்க வேண்டுவதில்லை. ஆனால் பூசணிப்பூ அவர் பக்கமே நிற்கிறது.

அதனினும் வலிய சான்று ஒன்று உண்டு. அரியலூர் வட்டாரம் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் சிமெண்டு ஆலைகளும் நிறைந்தது. கல்லேற்றிச் செல்லும் லாரிகள் எழுப்பும் புழுதி சாலையோரத்து இலைகளில் வெண்மையாய்ப் படியும். கறுப்பு வெள்ளைப் படத்தில் அவ்விலை பனியில் நனைந்த இலைபோல் அழகாகவே தோன்றும். வண்ணப் படமோ பசுமை எங்கே, புழுதி எங்கே என்பதைப் பிரித்துக் காட்டிவிடும். அங்கே வண்ணத்தை நீக்குவது அவ்வூரார் படும் துன்பத்தை அழகெனக் காட்டி மறைப்பதாகும்.

உதகமண்டலத்தில் அரசினர் நிறுவிய தொழிற்சாலை 1967 முதல் 'இந்து' என்னும் பெயரில் படச்சுருள் தந்த நாள்களில், சிற்றூர் ஸ்டுடியோக்களுக்குக் கறுப்பு வெள்ளையை விட்டால் வேறு வழியில்லை. இன்று கைப்பேசியை ஏந்திய மாணவன் ஒரு தொடுதலில் வண்ணத்தைப் போக்கிவிடுகிறான். நாட்டுப்புறம் என்றாலே பழமை, பழமை என்றாலே கறுப்பு வெள்ளை என்று எண்ணி நேற்றெடுத்த படத்திற்கு ஐம்பதாண்டு மூப்பு ஏற்றுவது, அவ்வூரில் இன்று வாழ்வோர்க்குச் செய்யும் நேர்மையன்று. வண்ணப் படத்திலிருந்து கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றை எந்நாளும் ஆக்கிக் கொள்ளலாம். போக்கிய வண்ணத்தை உள்ளவாறே மீட்டல் அரிது. மூலப்படத்தை அழித்தவன் பூசணிப்பூவின் மஞ்சளுக்காக அடுத்த மார்கழி வரை காத்திருக்க வேண்டியதுதான்.