மடக்குக்கத்திக் கொள்முதலில் கவனிக்கத்தக்கவை

அங்கத்தினர்களுக்கென மடக்குக்கத்திகளை மொத்தமாகக் கொள்முதல் செய்யும் சங்கங்கள், கூர் நெடுநாள் நிற்கும் என்னும் ஒரே தகுதியை நோக்கி விலையுயர்ந்த எஃகைத் தெரிந்தெடுப்பது நன்றன்று என்பது நமது கருத்து. கூர் நிற்பது ஒரு குணம். மழுங்கியபின் உடையவரே தீட்டிக்கொள்ளக்கூடியதாயிருப்பது மற்றொரு குணம். இவ்விரண்டும் ஒருங்கே அமைவது அரிது.

எஃகுக்குக் கடினத்தைத் தருவது கார்பன். 1095 என்னும் சாதாரண எஃகில் அது ஏறத்தாழ 0.95 சதவிகிதம். இதனைச் சாதாரணச் சாணைக்கல்லிலேயே விரைவில் நன்கு தீட்டலாம், ஆயின் துருப்பிடிக்கும். துருவைத் தடுக்கக் குறைந்தது 10.5 சதவிகிதம் குரோமியம் வேண்டும். 420 என்னும் எஃகில் குரோமியம் 12 முதல் 14 சதவிகிதம் வரை இருப்பினும் கார்பன் குறைவு. ஆகவே எளிதில் துருவாது, விரைவில் மழுங்கும். 440சி எஃகில் கார்பன் ஏறத்தாழ 1 சதவிகிதம், குரோமியம் 17 சதவிகிதம். இது இரண்டுக்கும் இடைப்பட்ட நல்வழி. 2001-இல் வெளிவந்த எஸ்30வி எஃகிலோ 4 சதவிகிதம் வனேடியம் உண்டு. வனேடியமும் கார்பனும் கூடி உண்டாகும் துகள்கள் சாதாரணச் சாணைக்கல்லினும் கடினமானவை. அதனால் கூர் நெடிது நிற்கும். மழுங்கிவிட்டாலோ வைரத்தூள் பதித்த கல் இன்றித் தீட்டுதல் பெரும்பாடு.

அத்தகைய கல் ஒன்றைச் சங்கத்திலேயே பொதுவில் வைத்துக்கொள்ளலாமே என்பர் சிலர். வயலில் நிற்கும் விவசாயி, கத்தி மழுங்கும்போதெல்லாம் சங்கத்துக்கு நடந்து வர இயலுமா?

எஃகின் பெயரை அறிந்தால் மாத்திரம் போதாது. சூடேற்றிக் குளிர்விக்கும் பக்குவத்துக்கேற்ப, ஒரே எஃகு ராக்வெல் அளவில் 54 ஆகவும் அமையலாம், 60 ஆகவும் அமையலாம். மென்மை மிகுந்தால் கூர் மடங்கும்; கடினம் மிகுந்தால் விளிம்பு சில்லுச் சில்லாக உதிரும்.

ஆதலின் எல்லோருக்கும் ஒரே கத்தி என்பது பொருந்தாது. நெசவாளர் அறுப்பது நூல். வெள்ளை நூலில் துருக்கறை படிந்தால் உழைப்பே வீணாகும். அவருக்குத் துருப்பிடிக்காத எஃகே தக்கது. கயிறும் கொம்பும் மண்ணேறிய சாக்கும் அறுக்கும் விவசாயிக்குக் கார்பன் எஃகு போதும். வேலை முடிந்ததும் துடைத்து எண்ணெய் பூசி வைத்தல் வேண்டும். எலுமிச்சை போன்ற புளிப்புக் கனிகளை நாள்தோறும் அறுப்போர் 440சி எஃகை நாடுதல் நலம்.

சங்கங்கள் எஃகின் பெயரையும் ராக்வெல் அளவையும் விற்பவரிடம் எழுத்தில் பெற்றே பணம் கொடுக்க வேண்டும். பளபளப்பையும் விலையையும் கண்டு மயங்காது, மிஞ்சும் பணத்தில் கத்தி ஒவ்வொன்றுடனும் ஒரு சாணைக்கல்லையும் சேர்த்து வழங்குவார்களாக.