மாமரத்தில் ஒரு மாறுவேடக்காரர்

மாமரப் பட்டை லேசாக நகர்ந்தால் பயந்துவிடாதீர்கள். மயிலாப்பூர், அடையாறு பக்கம் இன்னும் கொல்லைப்புறம் மிச்சமிருக்கும் வீடுகளில் மழைக்காலத்தில் காணக்கூடிய காட்சிதான். சாம்பல் கலந்த பழுப்பு நிறம், கிட்டத்தட்ட 5 செ.மீ. நீளம், உடம்பு நீளத்துக்கு மீசை. தலைக்குப் பின்னால் இரண்டு ஆரஞ்சுப் புள்ளிகளும் இருந்தால் சந்தேகமே வேண்டாம், அது மாமரத் தண்டுத் துளைப்பான். பேட்டோசெரா ருஃபோமாகுலேட்டா என்ற வாயில் நுழையாத பெயரும் உண்டு!

வண்டைவிட அதன் புழுதான் வில்லன். பட்டையில் இடும் முட்டையிலிருந்து வந்து, மாதக்கணக்கில் மரத்தை உள்ளுக்குள் குடையும். இலை வாடியதும் உரம் போடுவதுதான் நம்மில் பலர் செய்வது. அடிமரத்தில் ஓட்டையும் மரத்தூளும் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் கொக்கிக் கம்பியை விட்டுப் புழுவை இழுத்துப் போட்டு, ஓட்டையைக் களிமண்ணால் அடைத்துவிடுங்கள். பலா, அத்தி மரங்களையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.