சலிப்பும் தேடலும்

புதியதொன்றைக் கண்டவிடத்து விரைந்து பற்றுதலும், பழகியபின் அதனை வெறுத்தலும் மாந்தர்க்கு இயல்பு. ஓய்வுக்காலத்து விளையாட்டுக்களும் கைத்தொழில்களும் இதற்கு விலக்கல்ல. அமெரிக்க இளைஞர் கோடைவிடுமுறையில் கானகத்தை அடுத்த முகாம்களிற் கூடித் தங்கும்பொழுது பயிலுவன இரண்டினைக் கொண்டு, அச்சலிப்பு எங்ஙனம் பிறக்கின்றது என்பதை ஈண்டு ஆராய்வாம்.

ஒன்று, சட்டைக்குச் சாயமிடுதல். வெள்ளைப் பருத்திச் சட்டையை முறுக்கிச் சுருட்டி, இரப்பர் வளையங்களாற் பிணித்து, பல வண்ணச் சாயங்களை ஊற்றுவர். ஓரிரவு கழித்து அவிழ்க்குங்கால், சாயம் புகாத இடங்கள் வெண்கோடுகளாய் நிற்க, வண்ணச்சுழி தோன்றும். முதற் சட்டையை அவிழ்க்கையில் உள்ளம் துள்ளும். பத்தாவது சட்டையிலோ கையிற் படிந்த கறையே எஞ்சும். உடுப்பாரின்றிச் சட்டைகள் பெட்டியிற் குவியும்.

மற்றொன்று, ஜியோகேச்சிங் என்னும் புதையல் தேடும் ஆட்டம். ஜி.பி.எஸ். கருவிக்குப் பொதுமக்கள் பெறும் குறிப்புக்களில் வேண்டுமென்றே கலந்திருந்த பிழையை, 2000-ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் அமெரிக்க அரசாங்கம் நீக்கியது. அம்மாதம் 3-ஆம் நாள், டேவ் உல்மர் என்பார் ஆரெகன் மாகாணத்தில் பீவர்கிரீக் என்னும் ஊரருகே ஒரு வாளியைப் பாதி புதைத்துவைத்து, அவ்விடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை வெளியிட்டார். வாளியுள் ஒரு குறிப்பேடும் சில பொருள்களும் இருந்தன. கண்டவர் தம் பெயரை எழுதுதல் வேண்டும். ஒன்றை எடுப்பின் அதற்கு நிகரான ஒன்றை வைத்தல் வேண்டும். இன்றும் இதுவே விதி. கருவி சில கஜதூரம் வரையே வழிகாட்டும். பின்னர் மரப்பொந்தையும் வேரிடுக்கையும் கண்ணே துருவவேண்டும்.

ஆதலின் தேடல் சிறந்தது, சாயத்தொழில் தாழ்ந்தது என்பார் உளர். யான் அதற்கு உடன்படேன். நம் மதுரைச் சுங்குடியும் முடிச்சிட்டுச் சாயந்தோய்ப்பதே அன்றோ? துணியைப் புள்ளி புள்ளியாகக் கிள்ளியெடுத்து நூலாற் கட்டும் அத்தொழில் தலைமுறை தலைமுறையாக நிலைத்தது. அச்சேலையை விரும்பி உடுப்பார் இருந்தமையே அதற்குக் காரணம். மறுபுறம், கண்டெடுத்த பெட்டிகளின் தொகையை எண்ணுவதே நோக்கமாயின், காட்டுத் தேடலும் பத்தாவது சட்டையாகிவிடும்.

சென்ற விடுமுறையில் யானும் நாளொன்றுக்கு ஒரு வெண்பா என வரையறுத்து யாத்தேன். முப்பதாவதில் யாப்பே கசந்தது. பின்னர், ஊரிலுள்ள பாட்டிக்கென ஒன்று யாத்து, அவர் கேட்கப் படித்தேன், அக்கசப்பு அகன்றது. குற்றம் யாப்பினதன்று; கேட்பாரை நினையாது தொகையையே நினைந்த என்னதே.

நண்பர்காள்! சலிப்புற்றுத் தொழிலை மாற்றுமுன், ‘இது யாருக்காக?’ என ஒருகாற் கேண்மின். மரப்பொந்திற் பெட்டியை மறைத்தவன், தான் என்றுங் காணாத ஒருவனது மகிழ்ச்சியை எண்ணியே மறைத்தான். பத்தாவது சட்டையையும் அங்ஙனமே ஒருவனுக்கென முடிந்து பாருங்கள், கை சலியாது.