சாம்பிராணி நின்ற வீடு



அக்டோபர் மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமையை வலி நிவாரண, நோய் ஆதரவு சிகிச்சைக்கான நாளாக உலகெங்கும் கடைப்பிடிக்கிறார்கள். அந்த நாள் நெருங்கும்போதெல்லாம் நாகர்கோவில் பக்கத்தில் இருந்த என் அத்தை வீடும் அந்த வீட்டுச் சாம்பிராணிப் புகையும் நினைவுக்கு வந்துவிடும்.

அத்தைக்கு மார்பகப் புற்றுநோய். எல்லாச் சிகிச்சையும் பார்த்தாயிற்று. கடைசியில் மருத்துவமனையில், "இனி செய்ய ஒண்ணுமில்ல, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருங்க" என்று சொல்லி அனுப்பினார்கள். மார்பில் ஆறாத புண். அதிலிருந்து வரும் வாடை அடுத்தவருக்குத் தெரிந்துவிடக் கூடாதென்று மூன்று வேளையும் சாம்பிராணி போடச் சொன்னார். தெருப்பக்கத்து ஜன்னலைச் சாத்தச் சொன்னார். பேரப்பிள்ளைகளைக்கூட நடையைத் தாண்டி உள்ளே விடவில்லை. வாழைக்குலை வெட்டினால் நாலு வீட்டுக்குச் சீப்பு கொடுத்தனுப்பிய மனுஷி அவர்.

யாரோ சொல்லி, ஒரு தொண்டு அமைப்பிலிருந்து செவிலியர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, "ராத்திரி உறங்குனீங்களாம்மா?" என்று கேட்டார். அத்தை பதில் சொல்லவில்லை, அழுதார். பிறகு அந்தப் பெண் புண்ணை மெதுவாகக் கழுவி, மெட்ரோனிடசோல் மாத்திரைகளைப் பொடித்து அதன்மேல் தூவிக் கட்டுப்போட்டார். வயிற்றுக் கோளாறுக்கு நாம் வாங்கி விழுங்கும் சாதாரண மாத்திரைதான். புண்ணில் வாடையைக் கிளப்பும் கிருமிகளை அது அடக்குகிறது. அத்தை மகளுக்கும் அதைச் செய்யப் பழக்கிக் கொடுத்துவிட்டு, "நீங்க நேரத்துக்குச் சாப்பிடுறீங்களா?" என்று அவளிடமும் விசாரித்துவிட்டுத்தான் கிளம்பினார். அதுவரை அவளிடம் யாரும் அதைக் கேட்டதில்லை. நான் உட்பட.

சில நாளில் வாடை குறைந்தது. சாம்பிராணி நின்றது. ஜன்னல் திறந்தது. "செய்ய ஒண்ணுமில்ல" என்ற சொல் எவ்வளவு பெரிய பொய் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. நோயைக் குணப்படுத்த முடியாமல் போகலாம். வலி, வாடை, மூச்சுத்திணறல், மலச்சிக்கல், படுக்கைப் புண், உறக்கமின்மை, பயம் என்று ஒவ்வொன்றுக்கும் செய்வதற்கு இருக்கிறது. அவற்றில் பெரும்பகுதியை வீட்டிலேயே செய்ய முடியும்.

வலிக்கு மார்ஃபின் எழுதினால் வீட்டார் பதறுகிறார்கள். பழக்கமாகிவிடுமோ, சீக்கிரம் முடிந்துவிடுமோ என்ற பயம். மருத்துவர் சொன்ன அளவில், நாலு மணி நேரத்துக்கு ஒரு முறை வாய்வழியாகக் கொடுக்கும் மார்ஃபின் வலியைத்தான் முடிக்கிறது, ஆயுளை அல்ல. மலச்சிக்கல் வரும், அதற்கும் கூடவே மருந்து உண்டு. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் மார்ஃபினை மருத்துவமனைகளுக்கே எட்டாததாக்கி வைத்திருந்தது. 2014இல் திருத்தம் வந்து சட்டம் இளகியது. நம் மனம்தான் இன்னும் இளகவில்லை.

கேரளத்தைப் பார்க்கிறேன். 1993இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ்குமாரும் சிலரோடு சேர்ந்து சிறியதாகத் தொடங்கிய ஆதரவு சிகிச்சை, பிறகு ஊர்களுக்குள் இறங்கியது. கல்லூரி மாணவர்களும் கடைக்காரர்களும் இல்லத்தரசிகளும் பயிற்சி எடுத்துக்கொண்டு செவிலியரோடு வீடு வீடாகப் போனார்கள். நோயாளி வீட்டில் அரிசி இல்லையென்றால் அதையும் கவனித்தார்கள். 2008இல் அரசே இதற்கென்று தனிக் கொள்கை வகுத்தது. சாவு வீட்டுக்கு ஊரே கூடும் வழக்கம் நம்மிடமும் இருக்கிறது. அந்தக் கூட்டம் கொஞ்சம் முன்னதாகவே வந்தால் என்ன?

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளோடு இந்த ஆதரவு சிகிச்சையும் வீடு தேடி வர வழி செய்திருக்கிறார்கள். மாத்திரை வருவது எல்லோருக்கும் தெரியும். இது வருவது பலருக்குத் தெரியாது. புற்றுநோய்க்கு மட்டும் என்றும் நினைக்க வேண்டாம். சிறுநீரகம் செயலிழந்தவர்கள், பக்கவாதத்தில் படுத்தவர்கள், நுரையீரல் நோயாளிகள் என எல்லோருக்கும் உரியது. கடைசி நாள்வரை காத்திருக்கவும் வேண்டாம். மற்ற சிகிச்சை நடக்கும்போதே கேட்டுப் பெறலாம்.

அத்தை தன் வீட்டில், தன் கட்டிலில், பேரன் பக்கத்தில் இருக்கும்போது போய்ச் சேர்ந்தார்.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ ஒருவர் படுக்கையில் இருந்தால் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள், அல்லது 104ஐ அழையுங்கள். அப்படியே ஒரு மத்தியானம் அந்த வீட்டுக்குப் போய், பார்த்துக்கொள்கிறவர் இரண்டு மணி நேரம் கண்ணயர்ந்து எழுந்திருக்கும்வரை நீங்கள் அந்தக் கட்டிலருகே உட்கார்ந்திருங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்