சம்பளச் சீட்டில் செலவுத் தொகைக்குத் தனி இடம் வேண்டும்

வேலை நியமனச் சட்டத்துக்கு உட்பட்ட ஊழியர் ஒவ்வொருவருக்கும், ஊதியம் கொடுத்த மூன்று வேலை நாட்களுக்குள் விவரமான சம்பளச் சீட்டு ஒன்றையும் முதலாளி கொடுத்தாக வேண்டும் என்ற விதி, சிங்கப்பூரில் 2016 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து அமலில் இருக்கிறது. அடிப்படைச் சம்பளம், படிகள், மிகைநேர வேலை, பிடித்தம் ஆகியவை தனித்தனியே தெரியவேண்டும் என்று வகுத்த அந்த விதி மிகவும் நியாயமானது. ஆயினும் ஊழியர் தம் கைப்பணத்தைப் போட்டு, பிறகு 'கிளைம்' எழுதித் திரும்பப் பெறுகிற செலவுத் தொகை எந்தத் தலைப்பின் கீழ் வந்து விழுகிறது என்பதில் போதிய சிரத்தை காட்டப்படவில்லை என்பதே என் அபிப்பிராயம்.

தேக்காவில் உள்ள அலுவலகத்திலிருந்து கம்பெனி காரியமாக ஜூரோங்குக்குச் சென்றுவந்த ஒருவர் கொடுத்த ரயில் கட்டணம், கம்பெனி ஏற்கவேண்டிய செலவேயன்றி அவருடைய வருமானம் அன்று. ஆகையால் அது திரும்பக் கிடைக்கும்போது அதற்கு வருமான வரியும் இல்லை, மத்திய சேம நிதிச் சந்தாவும் இல்லை. அதுவே மாதந்தோறும் நிலையான போக்குவரத்துப் படியாகக் கொடுக்கப்பட்டால் வரிக்குரிய வருமானமாகிவிடும்.

தமிழ்நாட்டில் மாதாமாதம் வரி பிடித்தம் செய்யப்பட்டுப் பழகியவர்கள், இங்கே சீட்டில் வரி என்ற வரியே இல்லாததைக் கண்டு, இது தம்மைச் சேராத விஷயம் என்று இருந்துவிடுகிறார்கள். உண்மையில், பெரும்பாலான முதலாளிகள் ஆண்டுக் கணக்கை மார்ச் முதல் தேதிக்குள் உள்நாட்டு வருவாய் ஆணையத்துக்கு நேரே அனுப்பிவிடுவதால், செலவுத் தொகை தவறுதலாக ஊதியத்தில் கலந்திருந்தாலும் அதுவே வருமானமாகப் பதிவாகிவிடும். தவறைச் சுட்டிக்காட்ட ஊழியர் கையில் இருக்கும் முதல் ஆதாரம் அந்த ஆண்டின் பன்னிரண்டு சம்பளச் சீட்டுகளே.

வரிக்குரிய வருமானம் இருபதாயிரம் வெள்ளியைத் தாண்டாத, வரி விதிப்பில் சிங்கப்பூர்வாசியாகக் கருதப்படுபவருக்கு வரி இல்லை என்பது உண்மைதான். ஆனால் ஒர்க் பெர்மிட்டில் வந்த நம் சகோதரர்களுக்கு நேரக்கூடிய நஷ்டம் வேறு விதமானது. கையுறையும் ஆணியும் வாங்க ஒருவர் செலவிட்ட 60 வெள்ளியைத் திருப்பிக் கொடுத்து, அதைப் படி என்று எழுதி, பேசிய 800 வெள்ளி நிறைந்துவிட்டதாகக் கணக்குக் காட்டினால், அவர் பெற்ற சம்பளம் 740 தானே? தலைப்பு மாறுவதால் வரும் நஷ்டம் அதோடு நிற்பதில்லை. மிகைநேர ஊதியமோ படிகளை விலக்கி, அடிப்படைச் சம்பளத்தின் மணிக்கணக்கில் ஒன்றரை மடங்காக வருவது. 800 வெள்ளி அடிப்படை உடையவருக்கு மணிக்கு 6.29 வெள்ளி, அதே 800ஐ, 600 அடிப்படை, 200 படி என்று பிரித்து எழுதினால் 4.72 வெள்ளி. சட்டம் அனுமதிக்கும் 72 மணி நேரமும் உழைப்பவருக்கு மாதம் 113 வெள்ளி வித்தியாசம். ஊரில் ஒரு குடும்பத்தின் அரிசியும் பள்ளிச் செலவும் அதில் அடங்கும்.

ஞாயிறு மாலையில் சிராங்கூன் சாலையில், பணம் அனுப்பும் கடையின் வரிசையில் நிற்கிறவர்கள் கைபேசியில் அந்தச் சீட்டைத் திறந்து, ஆங்கிலச் சுருக்கங்களையெல்லாம் விரலால் தள்ளிவிட்டு, அடியில் இருக்கும் மொத்தத் தொகையை மட்டும் பார்க்கிறார்கள். அவர்களைக் குறைசொல்வது அநியாயம். வருவதற்கு முன் கொடுக்கப்படும் வேலை ஒப்புதல் கடிதம் அவரவர் தாய்மொழியிலும் இருக்கிறபோது, வந்தபின் மாதந்தோறும் கொடுக்கப்படும் சீட்டு மட்டும் ஏன் ஆங்கிலத்தில் நிற்கவேண்டும்? தமிழ் இந்நாட்டின் அதிகாரபூர்வ மொழிகளில் ஒன்று.

மனிதவள அமைச்சு தன் மாதிரிச் சீட்டில் செலவுத் தொகைக்கென்று ஒரு தனிக் கட்டத்தைக் கட்டாயமாக்கி, தலைப்புகளைத் தொழிலாளியின் மொழியிலும் அச்சிடச் செய்யவேண்டும். வேலையில் இருப்பவர் ஓராண்டுக்குள்ளும், விலகியவர் ஆறு மாதத்துக்குள்ளும் சம்பள முறையீட்டைப் பதிவுசெய்தாக வேண்டியிருப்பதால், தவறு நேர்ந்த மாதத்திலேயே அது அவர் கண்ணில் படுவது அவசியம்.