ஓட்டையை அடைக்காதீங்க, தேடுங்க

மக்களே, பனியன் ஊர்க்காரனுக்குப் பாய்மரப் படகுல என்ன வேலைன்னு கேப்பீங்க. நியாயம்தானுங்க. எங்க நொய்யல்ல பாய்மரம் விரிச்சு நான் பாத்ததே இல்ல :-) ஆனா சென்னையில இருக்கற என் மச்சானுக்கு அந்தப் பைத்தியம் உண்டு. எண்டர்பிரைஸ் ரகத்துல பழைய ஃபைபர் படகு ஒண்ணு வச்சிருக்கார். 1956-ல ஜாக் ஹோல்ட்டுங்கற இங்கிலாந்துக்காரர் வடிவமைச்ச மாடல். சுமார் 13 அடி, ரெண்டு பேர் ஓட்டலாம்.

அதுல தண்ணி கசியுது. எங்கேன்னா, நடுப்பலகைப் பெட்டியில. காத்து படகைப் பக்கவாட்டுல தள்ளாம இருக்க, நடுவுல ஒரு பலகையை தண்ணிக்குள்ள இறக்குவாங்க. அது ஏறி இறங்கற கூடுதான் இந்தப் பெட்டி. அடிப்பக்கம் திறந்தே இருக்கும். அதாவது கடல் எப்பவுமே பெட்டிக்குள்ளதான் இருக்கு!

மச்சான் மூணு வருஷமா சீலன்ட் அப்பிக்கிட்டே இருந்தார். அப்புவார், ரெண்டு வாரம் நிக்கும், மறுபடி கசியும். போன மாசம், "போதும் மாப்ளே, அறுத்துப் போட்டுடலாம்"னுட்டார்.

இங்கதான் எனக்குக் கோவம் வந்துச்சு. நிட்டிங் மெஷின்ல ஒரு ஊசி வளைஞ்சா துணி பூரா நீளக் கோடு விழும். துணியைத் தேய்ச்சா கோடு போகுமா? மெஷினை நிறுத்தி ஊசியை மாத்தணும். படகுக்கும் அதே கதைதான்.

எங்க ஊர்ல சாயப்பட்டறைக்கு ஃபைபர் டேங்க் ரிப்பேர் பண்ற அண்ணன் ஒருத்தர்கிட்ட போன்ல கேட்டேன். படகையே பாத்ததில்லை மனுஷன். "படகை ஸ்டாண்டுல ஏத்தி, அடிப்பக்கத்தை டேப் போட்டு மூடி, பெட்டிக்குள்ள சாயத் தண்ணி ஊத்துங்க தம்பி, கலர் காட்டிக் குடுத்துரும்"ன்னார். காட்டிக் குடுத்துச்சு! கசிவு பெட்டி அடிப்பாகம் படகோட சேர்ற மூலையில. ஆனா காரணம் மேலே இருந்துச்சு. பெட்டியைப் பிடிச்சு நிறுத்தற குறுக்குப் பலகை விட்டுப் போயிருந்துச்சு. பெட்டி ஆட ஆட, கீழே மூலை பிளந்துக்கிச்சு. சீலன்ட் என்ன பண்ணும் பாவம்?

அப்புறம் வேலை சுலபம், பொறுமைதான் வேணும். பழைய சீலன்ட்டைச் சுரண்டி, சாயம் பட்ட இடத்தையும் சேத்துத் தேய்ச்சு எடுத்து (மாஸ்க் கட்டாயம், கண்ணாடித் தூள் நுரையீரலுக்கு ஆகாது), நல்லாக் காய விட்டு, விரிசலைச் சுத்தி கனத்தைப் போல 12 மடங்கு அகலத்துக்குச் சரிவா இழைச்சோம். ரெசின் எபாக்ஸி. பழைய ஃபைபர் மேல பாலியெஸ்டரை விட அதுதான் நல்லா பிடிக்கும். மூலையில கெட்டிக் கலவை வச்சு வளைவாக்கி, நெசவுக் கண்ணாடித் துணியை அடுக்கடுக்கா ஒட்டினோம். நம்ம வெயிலுக்குக் கொஞ்சம் கொஞ்சமாத்தான் கலக்கணும், இல்லைன்னா கப்புலயே சூடாகி கட்டியாயிடும். கடைசியா அந்தக் குறுக்குப் பலகையை இறுக்கினோம். அதை விட்டா மத்ததெல்லாம் வீண்.

"பழைய படகுக்கு இத்தனை மெனக்கெடணுமா?"ன்னு கேப்பீங்க. படகு கவுந்தா, அந்த நடுப்பலகை மேல ஏறி நின்னுதான் நிமித்தணும். ஆள் பாரம் மொத்தமும் நெம்புகோல் மாதிரி அந்தப் பெட்டியில இறங்கும். சீலன்ட்டை நம்பி என் தங்கச்சி புருஷனை நடுக்கடல்ல நிறுத்த எனக்கு மனசில்லீங்க.

இன்னொண்ணு. ஃபைபரை இரும்பு மாதிரி உருக்கி வார்க்க முடியாது. ஒருதடவை இறுகினா இறுகினதுதான். 2004 சுனாமிக்கு அப்புறம் நம்ம கடற்கரைக்கு ஆயிரக்கணக்குல ஃபைபர் படகுங்க வந்துச்சு. அதுங்களுக்கும் வயசாகுது. அறுத்துப் போட்டா குப்பை, ஒழுங்கா ஒட்டினா பொழப்பு. ஆனா எங்க கசியுதுன்னு மட்டும் பாத்துட்டு நிறுத்திடாதீங்க, ஏன் கசியுதுன்னும் பாருங்க.

பி.கு: மச்சான் இப்ப என்னைப் படகுல கூப்பிடறார். எனக்கு நீச்சல் தெரியாதுங்கற உண்மையை எப்படிச் சொல்றதுன்னு பின்னூட்டத்துல யோசனை சொல்லுங்க!