ரிமோட்டும் ரெக்கார்டு நோட்டும்



சந்தவாசலில் எங்கள் வீட்டு செட்டாப் பாக்ஸ் ரிமோட்டில் 'கற்கும்' பட்டன்கள் உண்டு. டி.வி. ரிமோட்டை எதிரே வைத்து அழுத்தினேன். அதன் வேலையையும் இதுவே கற்றுக்கொண்டது.

தறியிலிருந்த அப்பா, "எப்படிடா கத்துக்குது?" என்றார். வீட்டிலேயே முதலில் படிக்க வந்தவன், திருதிருவென விழித்தேன்.

பிறகுதான் தேடிப் படித்துச் சொன்னேன்: வினாடிக்குச் சுமார் 38,000 முறை துடிக்கும் அகச்சிவப்பு ஒளி, விட்டு விட்டு வருகிறது. வந்த நேரத்தையும் நின்ற நேரத்தையும் பதிந்து, அப்படியே திருப்பி அனுப்புகிறது. அர்த்தம் அதற்குத் தெரியாது.

"நம்ம ஜக்கார்டு அட்டை மாதிரி. ஓட்டை இருந்தா நூல் தூக்கும், இல்லேன்னா தூக்காது!" அப்பா உடனே பிடித்துக்கொண்டார்.

சீனியர் ரெக்கார்டைப் பார்த்து எழுதும் நாமும் அந்த ரிமோட்தானே? அது காப்பியடிக்கட்டும். நாம் 'எப்படி?' என்று கேட்போம். சிந்திப்பீர்!